விளக்கேற்றாத தளபதி

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
14 ஆகஸ்ட் 1960

அன்புள்ள நூருல் அமீன் நானாவுக்கு, தங்கை பதுருன்னிசா சலாம் கூறி எழுதுவது.

இங்கே வாப்பா, உம்மா, நான் மூவரும் சுகம். உம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் மாடிப்படி ஏறி இறங்கி எல்லோரையும் விரட்ட அது தடையாக இல்லை. செரியாவில் தண்ணீர்கூட எண்ணெய் வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷம் எங்கள் பள்ளியில் கடைசி வகுப்புக்கு ‘நங்கை நீதி’ பாடமாக வந்துவிட்டது. ஆமாம், நம்முடைய ‘நங்கை நீதி’தான். போன வாரம் பிள்ளைகளிடம் கதையை மட்டும் சொன்னேன். கடலோர நாட்டுக்கு நங்கை என்று ஒரு ராணி. துறைமுகத் தளபதி அவளுடைய சொந்தத் தம்பி. புயலடித்த ஒரு நாள் அவன் கரைவிளக்கை ஏற்றவில்லை. கப்பல் பாறையில் மோதி ஊர்க்காரர்கள் மாண்டுபோகிறார்கள். அவள் தம்பியென்றும் பாராமல் அவனை நாடு கடத்துகிறாள், பிறகு தனியாக நின்று புலம்புகிறாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்தோம். நூறு வருஷத்துச் செந்தமிழ். இரண்டாம் பக்கத்திலேயே பாதிப் பேருக்குக் கொட்டாவி.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் நாலைந்து தமிழ்ப் பள்ளிகளின் பிள்ளைகளைச் சேர்த்து இந்த நாடகத்தை நடித்தே படிக்க வைக்கப் போகிறேன். பயிற்சிக் கல்லூரியில் ஒரு வெள்ளைக்கார அம்மா இப்படி ஒன்றை நடத்திக் காட்டினார். ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர்.

நங்கையாக வேஷம் கட்டியவர் நீங்கள். திரைக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்று வசனம் எடுத்துக்கொடுத்த எனக்கு எழுத்து முழுவதும் மனப்பாடம். நிற்கவும் நடக்கவும் தெரியாது. லீவு போட்டு வாருங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மேடையேற இரண்டு நாள் இருக்கும்போது நீங்கள் கப்பலேறிப் போனதையும் நாடகம் நின்றுபோனதையும் நான் பேச மாட்டேன். அந்தக் கோபம் பெரும்பாலும் ஆறிவிட்டது.

உம்மாவின் துஆ.
தங்கள் தங்கை,
பதுருன்னிசா


செரியா, புருணை
2 செப்டம்பர் 1960

அன்புத் தங்கை பதுருன்னிசாவுக்கு, நானா துஆவுடன் எழுதுவது.

நான் சுகம். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன். கம்பெனி ஸ்டோரில் இப்போது என்னைத் தலைமை கிளார்க் ஆக்கியிருக்கிறார்கள். மேசைக்கு மேலே மின்விசிறியும் வந்திருக்கிறது. உம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

நல்லெண்ணெயைச் சுடவைத்து உம்மாவின் முழங்காலில் தேய்த்து விடு. வாப்பா கடையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்று சொல்.

நாடகம் பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஆனால் நீ முடிவு எடுத்துவிட்டாய் என்கிறாய், உன்னிடம் அதற்குமேல் பேசிப் பயனில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசிப் புலம்பலில் நங்கையை அழ விடாதே. அவள் அழுதால் பார்க்கிறவர்கள் அழ மாட்டார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு பேச வேண்டும். அவ்வளவுதான்.

டிசம்பரில் லீவு கிடைக்காது.

பினாங்கிலிருந்தோ வேறு எங்கிருந்தோ உனக்கு வரன் ஏதும் பார்க்கிறார்களா?

நூருல் அமீன்


டன்லப் ஸ்திரீட்
20 செப்டம்பர் 1960

அன்புள்ள நானாவுக்கு, சலாம்.

எல்லோரும் நலம். தலைமை கிளார்க் செய்தியை உம்மா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்துவிட்டார். மீதிப் பேருக்கு வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும்.

வரன் ஒன்றும் இல்லை. வந்தால் நானே எழுதுகிறேன். பினாங்கு மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்று சொன்னது ஐந்து வருஷப் பழைய கதை. அதை ஏன் இப்போது கேட்கிறீர்கள்?

தலைமையாசிரியர் தங்கராஜு சாரிடம் போய்ச் சொன்னேன். ஒர்க்‌ஷாப் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஒர்க்‌ஷாப்புன்னா பட்டறைலா. கார் ரிப்பேர் பண்ற எடம். நாடகத்துக்கு எதுக்கும்மா பட்டறை?” என்று கேட்டார். நாடகமும் ரிப்பேராகத்தான் கிடக்கிறது சார் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் மறுக்க முடியாது, அது அவர் குணம்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பெண் பாத்திரத்துக்கும் பையன்களையே போட வேண்டுமாம். அதுதான் வழக்கமாம், பெற்றோர் வாயை அடக்கவும் அதுவே நல்லதாம். என் வகுப்பில் பதினோரு பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் பரீட்சைக்கு நங்கையைப் பற்றி எழுத வேண்டும், நங்கையாக நிற்க மட்டும் கூடாதா என்று கேட்டேன். பெற்றோர் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார். சம்மதிக்க வைப்பேன்.

உங்கள் குறிப்பு உபயோகமாக இருந்தது. இன்னும் எழுதுங்கள். லீவு கேட்டுப் பார்த்தீர்களா, கேட்காமலே கிடைக்காது என்கிறீர்களா?

பதுருன்னிசா


செரியா
15 அக்டோபர் 1960

அன்புத் தங்கைக்கு, துஆ.

நான் நலம். மழை ஆரம்பித்துவிட்டது. இங்கே ஒரு மலையாளத்து நண்பர் மீன்குழம்பு வைக்கிறார், அதனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

நீ கேட்டதற்காக எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு முதல் நாள் புத்தகத்தைக் கொடுக்காதே. வசனத்தை நீ சொல்ல, அவர்கள் நடந்துகொண்டே திருப்பிச் சொல்லட்டும். மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடி நிற்க வேண்டும். அந்த நாடகாசிரியர் காதால் எழுதியவர். வாயால் சொன்னால் பாதி அர்த்தம் தானாக விளங்கும்.

நங்கை அரசவைக்குள் வரும்போது வேகமாக வரக்கூடாது. தீர்ப்பு என்னவென்று அவளுக்கு முன்பே தெரியும். போய்ச் சேரத்தான் மனமில்லை. நான் ஒவ்வொரு அடிக்கும் யாரோ என் முந்தானையைப் பின்னாலிருந்து இழுப்பதாக நினைத்துக்கொள்வேன். தம்பியின் முகத்தைத் தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் பார்க்கக்கூடாது. சொல்லி முடித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் கொட்டகையே அடங்கிவிடும்.

பெண்பிள்ளைகள் நடிப்பது நல்லது. என்னைப் போல நடையைக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அவர்களுக்கு இல்லை.

நிறைய எழுதிவிட்டேன். வாப்பாவிடம் இந்த நாடகம் பற்றி அதிகம் பேச வேண்டாம். லீவு கிடைக்காது.

நூருல் அமீன்


டன்லப் ஸ்திரீட்
30 அக்டோபர் 1960

அன்புள்ள நானாவுக்கு, சலாம். மூவரும் நலம்.

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் மற்ற ஆசிரியர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். முந்தானையை இழுக்கும் இடத்தில் தங்கராஜு சார், “இவரு எங்க இருக்காரு, கூட்டிட்டு வா” என்றார். செரியாவில் ஆணி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றேன்.

எனக்கு ஒரு நங்கை கிடைத்துவிட்டாள். பெயர் ரத்தினம்மா. பதினைந்து வயது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அப்பா அழகப்பன் குவாரியில் லாரி ஓட்டுகிறார். நான் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். நாடகத்தைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. இருட்டிய பிறகு பெண் தனியாக பஸ்ஸில் வரக்கூடாது, அதுதான் அவர் சொன்னது. மூன்று மணிக்கு முடிப்பேன், நானே கூட வந்து வீட்டில் விடுவேன் என்றேன். “தெனமுமா டீச்சர்?” என்று கேட்டார். தினமும்தான் என்றேன். ஒரு பெண்ணின் அப்பா சம்மதித்த செய்தி பரவியதும் இன்னும் நாலு அப்பாக்கள் சம்மதித்துவிட்டார்கள்.

தளபதியாக பாலகிருஷ்ணன் என்று ஒரு பையன். நல்ல உயரமானவன், வாயே திறக்க மாட்டான். விசாரணைக் காட்சியில் தளபதிக்கு வசனமே கிடையாது என்பதால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான்.

வாப்பாவிடம் பேச வேண்டாம் என்று ஏன் எழுதினீர்கள்? அவரே கேட்கிறார். “அமீனு என்ன எழுதியிருக்கான்” என்று கேட்டுவிட்டு, நான் சொல்லத் தொடங்கும்போது கடைக்கு எழுந்து போய்விடுகிறார்.

பதுருன்னிசா


டன்லப் ஸ்திரீட்
20 நவம்பர் 1960

அன்புள்ள நானாவுக்கு, சலாம்.

மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையா? இல்லை, நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? வரும் இருபத்தெட்டாம் தேதி பட்டறை தொடங்குகிறது. (தங்கராஜு சார் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.) டிசம்பர் இருபத்து நான்கு, சனிக்கிழமை, பெற்றோர் முன்னால் மூன்றாம் அங்கம். இரண்டு வரியாவது எழுதுங்கள்.

பதுருன்னிசா


செரியா
27 நவம்பர் 1960

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை அதிகம். நீ ஒன்றும் தப்பாக எழுதவில்லை. உன் பட்டறை நல்லபடியாக நடக்கும், நீ எடுத்தது எது நடக்காமல் இருந்திருக்கிறது. என்னை மட்டும் கூப்பிடாதே. உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் சலாம்.

நூருல் அமீன்


டன்லப் ஸ்திரீட்
1 டிசம்பர் 1960

அன்புள்ள நானாவுக்கு, பதுருன்னிசா எழுதுவது.

எல்லோரும் நலம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாள் நீங்கள் சொன்னபடியே செய்தோம். புத்தகம் இல்லாமல், நடந்துகொண்டே. மண்டபம் முழுவதும் பிள்ளைகள் செந்தமிழ் பேசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போனார்கள். யாரும் கொட்டாவி விடவில்லை.

நேற்று விசாரணைக் காட்சி. பாலகிருஷ்ணன் தலையைக் குனிந்து நிற்க, சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து விளக்கு எரியவில்லை, எரியவில்லை என்று சொன்னார்கள். ரத்தினம்மா தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திவிட்டாள். வசனம் மறந்துவிட்டதோ என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“டீச்சர், வெளக்கு எரியலன்னு எல்லாரும் சொல்றாங்க. ஏன் ஏத்தலன்னு யாருமே அவர்கிட்ட கேக்கலையே. கூடப்பொறந்த அக்கா, இவங்ககூட கேக்கல.”

நானா, அந்த நாடகத்தை எத்தனை தரம் எடுத்துக்கொடுத்திருப்பேன். எனக்கு இது தோன்றியதே இல்லை. நல்ல கேள்வி, நாளைக்குப் பேசுவோம் என்று சமாளித்தேன். ஆனால் அவளை புக்கிட் பாஞ்சாங்கில் விட்டுவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு வேறு ஒன்று உறைத்தது. நீங்கள் ஏன் போனீர்கள் என்று நானும் உங்களை ஒருநாளும் கேட்டதில்லை. பொறுப்பில்லாமல் போய்விட்டீர்கள் என்று ஐந்து வருஷமாகக் கோபப்பட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

நேராகக் கடைக்குப் போனேன். வாப்பா தனியாக இருந்தார். நானா ஏன் போனார் என்று கேட்டேன். எழுந்து போகப் பார்த்தார். நான் வாசலில் நின்றுகொண்டேன். அப்புறம் சொன்னார்.

பினாங்கு மாப்பிள்ளையின் பெரியப்பா கடைக்கு வந்தாராம். நீங்கள் அங்கே துணி அளந்துகொண்டிருந்தீர்களாம். உங்களை வைத்துக்கொண்டே, பெண் நல்ல பெண்தான், ஆனால் அண்ணன்காரன் சேலை கட்டி மேடையில் அழுகிறவனாமே, எங்கள் ஜனங்கள் சிரிப்பார்கள் என்றாராம்.

நீங்க என்ன வாப்பா சொன்னீங்க என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. வியாபாரிலா நான், வந்தவங்களை எதுத்துப் பேசிப் பழக்கமில்ல. அவன் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தான். மறுநாள் காலையில வந்து, செரியாவுல வேலை கெடச்சிருக்கு வாப்பான்னான். நான் அதுக்கும் ஒண்ணும் சொல்லல.”

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சம்பந்தத்தை நானே மூன்று மாதத்தில் வேண்டாம் என்றேன். நீங்கள் ஊரைவிட்டுப் போனது ஒரு காசுக்குப் பிரயோசனம் இல்லாமல் போயிற்று. என்னிடம் ஏன் சொல்லவில்லை? தாமதமாகத்தான் கேட்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
பதுருன்னிசா


செரியா
8 டிசம்பர் 1960

அன்பு பதுருன்னிசாவுக்கு, நானா துஆவுடன்.

உன் கடிதம் நேற்று வந்தது. உனக்காகத்தான் போனேன் என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம். பாதி உனக்காக. மறு பாதியை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மனிதர் பேசியபோது முதல் தடவையாக அவர் கண்ணால் என்னையே பார்த்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதுவரைக்கும் நங்கையாக நிற்கும்போது எனக்கு வெட்கம் என்பதே தெரியாது. மறுநாள் ஒத்திகைக்கு வந்திருந்தாலும் என்னால் அந்த வேஷத்தில் நின்றிருக்க முடியாது.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ அவர்கள் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பாய். பதினேழு வயதிலேயே நீ அப்படித்தான்.

உண்மையில் லீவு எனக்கு நிறைய இருக்கிறது. வந்ததிலிருந்து எடுத்ததே இல்லை. இன்று காலை மானேஜரிடம் கேட்டேன், ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று அவர்தான் ஆச்சரியப்பட்டார். பதினாறாம் தேதி லாபுவான் போய்க் கப்பல் ஏறுகிறேன். பட்டறையில் கடைசி இரண்டு மூன்று நாள் கிடைக்கும்.

ரத்தினம்மாவிடம் எதுவும் மாற்ற வேண்டாம் என்று சொல். அவளைப் பார்க்க வேண்டும்.

நூருல் அமீன்


செரியா
12 ஜனவரி 1961

அன்புத் தங்கை பதுருன்னிசாவுக்கு, துஆவுடன் நானா எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கடல் கொஞ்சம் ஆட்டியது. உம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ச் சம்பால் இரண்டு நாளில் தீர்ந்துபோனது, மலையாளத்து நண்பர் அதில் பாதிக்குப் பொறுப்பு.

வந்து சேர்ந்த செய்திக்கு இது போதும். ஆனால் நீ பார்க்காத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலாவது, அந்தச் சனிக்கிழமை. நீ திரைக்குப் பக்கத்தில் நின்றதால் பிள்ளைகளின் முதுகைத்தான் பார்த்திருப்பாய். நான் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுதியிருக்கிறபடியே மூன்றாம் அங்கம் முடிந்தது. ரத்தினம்மா அந்தப் புலம்பலை என்னைவிட நன்றாகச் செய்தாள். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. நான் பார்க்கிறவர்களை அழ வைக்கத் தெரிந்தவன். அவள் தனக்கே புரியாத ஒன்றைத் தேடுகிறவளைப் போல நின்றாள். அதற்குப் பிறகு தங்கராஜு சார் எழுந்து, புத்தகத்தில் இல்லாத ஒரு காட்சியைப் பிள்ளைகள் தாங்களாகச் செய்வார்கள் என்றபோது அழகப்பன் தன் மனைவியிடம் “இது பரீட்சைக்கு வருமா” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

நங்கை தம்பியைக் கேட்டாள், ஏன் விளக்கை ஏற்றவில்லை என்று. ஒத்திகையில் பாலகிருஷ்ணன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொன்னான், எண்ணெய் இல்லை என்றான், தூங்கிவிட்டேன் என்றான். அன்றைக்கு அவன் தலையைக் குனிந்தபடியே நின்றான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு சொன்னான்:

“காற்று பலமாயிருந்தது அக்கா. ஏற்றினாலும் அணைந்துவிடும் என்று எண்ணினேன். ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்.”

நீ சொல்லிக் கொடுத்ததா அது? இல்லை என்றுதான் நினைக்கிறேன். வாப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார். என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது, நான் கப்பலேறிய நாள். பள்ளி திறந்துவிட்டதால் நீ வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு வாப்பா மட்டும் கிளிஃபோர்ட் பியர் படகுத்துறைக்கு வந்தார். வேலைநாளில் அவர் கடையைச் சாத்தி நான் பார்த்ததில்லை. படகுக்காக நின்றுகொண்டிருந்தோம். அப்போது மார்க்கெட் ஸ்திரீட்டில் மொத்த வியாபாரம் செய்கிற ஜலாலுதீன் ராவுத்தர் தன் ஆட்களோடு வந்தார். பெரிய குடும்பம். அவருக்கு ஒரு தம்பி மகன் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்திருப்பதும், உம்மா உனக்காக அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். அவர் வாப்பாவுக்கு சலாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, இது யார் என்று கேட்டார்.

நான் ஒதுங்கிப் பெட்டியை எடுக்கப் போனேன். வாப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“என் மகன் நூருல் அமீன். எண்ணெய்க் கம்பெனியில தலைமை கிளார்க்” என்றார். நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். வாப்பா கையை எடுக்கவில்லை. “நாடகத்துல ராணி வேஷம் கட்டுவான். இவன் கட்டுன மாதிரி சிங்கப்பூர்ல யாரும் கட்டுனதில்லன்னு சொல்றாங்க. நான்தான் ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கல.”

கூட வந்தவர்களில் ஒருவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ராவுத்தர் முகத்தைப் பார்த்தார். ராவுத்தர் சிரிக்கவில்லை. அப்படியா, அடுத்தது எப்போது என்று கேட்டார். வாப்பா என்னைப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேனாம். இப்போது அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் மாதம் என்று சொல்லிவிட்டேன்.

வாயில் வந்துவிட்டது, பதுருன்னிசா. இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மண்டபம் வேண்டும், ஆட்கள் வேண்டும். நங்கை எனக்கு வேண்டாம், அது ரத்தினம்மாவுடையது. முதல் அங்கத்தில் கப்பலில் கணவனைப் பறிகொடுத்து அரண்மனை வாசலில் நியாயம் கேட்டு வருகிற மூதாட்டி இருக்கிறாளே, அவளுக்கு ஒரு பக்க வசனம்தான், நாம் எப்போதும் வெட்டிவிடுவோம். அதை நான் கட்டுகிறேன். லீவுக்கு இன்று காலையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் சலாம். வாப்பாவுக்கு முன்வரிசையில் இடம் போடு.

நூருல் அமீன்